படபடப்புக்கு எண் 785.1

நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ஒருத்தர் டாக்டரிடம் போகிறார். இடம் அமெரிக்கா, வருஷம் 2010 என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் இசிஜி எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து இதயம் சமர்த்தாக அடிக்கிறது. (மெக்கானிக் முன்னாடி வண்டி சத்தமே போடாது இல்லையா, அந்த மாதிரி.) அதனால் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் கருவிக் கம்பெனி அரசுக் காப்பீட்டுக்கு பில் அனுப்புகிறது. அந்த பில்லில் முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று, என்ன செய்தோம் என்பதற்கு. இன்னொன்று, ஏன் செய்தோம் என்பதற்கு. படபடப்பு என்றால் அந்த இரண்டாவது எண் 785.1.

செத்தவர்களை எண்ணுவதற்காகப் பிறந்த ஒரு பட்டியலிலிருந்து வந்த எண் அது. உயிரோடு இருக்கிறவரின் இதயத்தைப் பார்ப்பதற்குக் காசு கிடைக்குமா கிடைக்காதா என்பதை அது எப்படித் தீர்மானிக்க ஆரம்பித்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

ஆரம்பம் லண்டன். பிளேக் காலத்தில் வாராவாரம் எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று அச்சடித்து விற்பார்கள். ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, 1662-ல் ஒரு சிறிய புத்தகம் போட்டார். புள்ளியியல் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. சாவுக்கான காரணத்தை யார் எழுதினார்கள்? டாக்டர் இல்லை. ‘தேடுபவர்கள்’ என்று பெயர் வைத்து, ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும் வயதான பெண்களை நியமித்திருந்தார்கள். பிணத்தைப் பார்த்து, விசாரித்து, காரணம் சொல்வது அவர்கள் வேலை. அதற்குச் சின்னக் கூலி உண்டு.

கிராண்டுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஊரெல்லாம் மேகநோய் இருக்கு, ஆனா பட்டியலில் மேகநோயால் செத்தவர்கள் ரொம்பக் கம்மி. எப்படி? இந்தப் பெண்களுக்கு ஒரு கோப்பை பீரும், வழக்கமான கூலிக்கு இரண்டு மடங்கும் கொடுத்தால் மேகநோய் ‘இளைப்பு நோய்’ ஆகிவிடும் என்று அவரே எழுதுகிறார். அதாவது நோய்ப் பட்டியலின் முதல் ஆராய்ச்சியிலேயே காசுக்காகக் காரணத்தை மாற்றி எழுதுவது பதிவாகியிருக்கு. 1662-ல்!

அதன் பிறகான இருநூறு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1837-ல் இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு முறைப்படி தொடங்கியது. வில்லியம் ஃபார் என்ற மருத்துவர் அங்கே உட்கார்ந்துகொண்டு, ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பேர் இருந்தால் எதையுமே எண்ண முடியாது என்று ஓயாமல் வாதாடினார். 1893-ல் பாரிஸ் நகரப் புள்ளியியல் அதிகாரி ஜாக் பெர்டியோன் சிகாகோவில் நடந்த மாநாட்டில் ஒரு பட்டியலை வைத்தார். சின்னது 44 தலைப்பு, நடுத்தரம் 99, பெரியது 161. தேவைக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொள்ளலாம். (இவருடைய தம்பி அல்ஃபோன்ஸ்தான் குற்றவாளிகளின் உடம்பை அளந்து அடையாளம் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். எதையும் வரிசைப்படுத்தாமல் விடாத குடும்பம்.) 1900-லிருந்து சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவது என்று முடிவானது. இதுதான் பிற்பாடு ஐசிடி. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்தபோதுதான் சாகாதவர்களின் நோய்களும் பட்டியலுக்குள் வந்தன.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் ‘சரியாக வரையறுக்கப்படாதவை’ என்று ஒரு ஒதுக்குப்புறம் எப்போதும் இருந்தது. காய்ச்சல், மயக்கம், மூச்சுத்திணறல் மாதிரி. சாவைக் கணக்கெடுக்கிறவருக்கு அது அவமானமான இடம். அங்கே போய் ஒரு சாவை எழுதினால் டாக்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். 785.1 அந்த ஒதுக்குப்புறத்தில் பிறந்த எண்தான்.

இப்போ கருவிப் பக்கம் வருவோம்.

நார்மன் ஹோல்டர் மருத்துவர் இல்லை. மொன்டானா மாநிலத்தின் ஹெலெனா என்ற சின்ன ஊர்க்காரர், வசதியான குடும்பம், படித்தது இயற்பியலும் வேதியியலும். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காகக் கடல் அலைகளை அளந்தவர். 1946-ல் பிகினித் தீவில் அணுகுண்டு சோதனை செய்தபோது எழுந்த அலைகளை அளந்த குழுவிலும் இருந்தார். அப்புறம் ஊருக்குத் திரும்பி, இதயத்தின் அலையை அளக்க ஆரம்பித்தார். நோயாளியைப் படுக்க வைத்து, அசையாதே என்று சொல்லி, சில நொடி எடுக்கும் இசிஜி அவருக்குத் திருப்தியாக இல்லை. மனுஷன் படுத்தே இருப்பதில்லையே. நடக்கிறான், சண்டை போடுகிறான், மாடி ஏறுகிறான். அப்போ இதயம் என்ன செய்கிறது?

1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டை மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். எடை 85 பவுண்டு, கிட்டத்தட்ட 38 கிலோ. அதைச் சுமந்துகொண்டு அவரே நிலையான சைக்கிளை மிதித்து, தன் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பிக் காட்டினார். இதயக் கோளாறு உள்ளவர் இதைச் சுமந்தால் கருவியே கோளாறை உண்டாக்கிவிடும்! டிரான்சிஸ்டர் வந்த பிறகு எடை குறைந்தது. ரேடியோவை விட்டுவிட்டு சின்ன டேப் ரெக்கார்டருக்கு மாறினார். பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றைத்தான் ஆராய்ச்சிக் கூடமாக வைத்திருந்தார். 1961-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. புரூஸ் டெல் மார் என்பவரின் கலிஃபோர்னியா கம்பெனி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

டேப் ஓடியாச்சு, சரி. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. அதை யார் உட்கார்ந்து பார்ப்பது? பல மடங்கு வேகத்தில் ஓட்டி, ஒரு துடிப்பின் மேல் இன்னொரு துடிப்பைப் போட்டுக் காட்டும் திரையையும் ஹோல்டர் குழுவே செய்தது. ஒழுங்காக அடிக்கும் வரை படம் அசையாது, தப்பான துடிப்பு வந்தால் துள்ளும். இந்த ஏற்பாட்டில்தான் பில்லின் விதை இருக்கு. மாட்டிவிடுவது ஒரு வேலை, டேப்பை ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வேலை, டாக்டர் படித்து முடிவு சொல்வது மூன்றாவது வேலை. மூன்றையும் மூன்று பேர் செய்யலாம். மூன்று பேரும் காசு கேட்பார்கள்.

1965 ஜூலை 30 அன்று ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர் வந்தது. அடுத்த வருஷமே, 1966-ல், அமெரிக்க மருத்துவர் சங்கம் சிகிச்சைகளுக்கு எண் கொடுத்து ஒரு புத்தகம் போட்டது. சிபிடி. முதலில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகள்தான் இருந்தன. 1970-ல் ஐந்து இலக்க எண்களாக விரிந்தது. ‘என்ன செய்தோம்’ என்ற எண் இதிலிருந்து வருகிறது. ஹோல்டர் கருவிக்கு 93224 தொடங்கி 93227 வரை நாலு எண்கள் இன்றும் இருக்கு. முழு வேலைக்கும் சேர்த்து ஒன்று, மாட்டிப் பதிவு செய்ய ஒன்று, அலச ஒன்று, டாக்டர் படித்துப் பார்க்க ஒன்று. அந்த டேப்பும் திரையும் அப்படியே எண்ணாக உறைந்துபோய் நிற்கின்றன.

1983 முக்கியமான வருஷம். அந்த வருஷம்தான் மெடிகேர் சிபிடி எண்களைத் தன் டாக்டர் பில்களுக்கு ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில், ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு எத்தனை நாள், எத்தனை ஊசி என்று பார்க்காமல், என்ன நோய் என்பதை வைத்து மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் முறையும் வந்தது. நோய்க்கு ஐசிடி எண். எண்ணுக்குத் தொகை. கிராண்ட் காலத்து இரட்டைக் கூலி இப்போ அரசிதழிலேயே அச்சாகிவிட்டது. இது எங்கே போய் முடியும் என்று டொனால்ட் சிம்போர்க் என்ற மருத்துவர் 1981-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார். நோயாளியின் நோய் காகிதத்தில் மெல்ல மெல்லக் கடுமையாகிக்கொண்டே போகும், இது ஆஸ்பத்திரியில் தொற்றும் புது வியாதி என்று கிண்டலாகத் தலைப்பு வைத்தார். (ஹோல்டர் இறந்ததும் 1983-ல்தான். தன் கருவி எத்தனை எண்களாகப் பிரியும் என்பதை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை.)

டாக்டர் பில்லில் ‘ஏன்’ என்ற எண் கட்டாயமானது இன்னும் கொஞ்சம் பிந்தி. 1988-ல் ஒரு சட்டம் வந்தது. முதியவர்களுக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்தால் காப்பாற்றும் திட்டம். அதில் ஒரு மூலையில், இனி டாக்டர்களும் கிளெய்மில் ஐசிடி எண் போட வேண்டும் என்று இருந்தது. திட்டத்துக்கான வரி முதியவர்களுக்கே பிடிக்காமல் பெரிய கலாட்டா ஆகி, 1989-ல் திட்டமே ரத்தானது. எண் போடும் விதி மட்டும் போகவில்லை. ஒரு திட்டம் செத்து அதன் படிவம் மட்டும் உயிரோடு இருப்பது நம்ம ஊர் அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்குப் புதுசு இல்லை.

படிவத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் பிற்பாடு நடந்தது புரியும். 21-ஆம் கட்டத்தில் நோய் எண்களை எழுத வேண்டும். 24-ஆம் கட்டத்தில், வரிக்கு ஒன்றாக, செய்த வேலைகளின் எண்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. இந்த வேலை, மேலே சொன்ன எந்த நோய்க்காக என்று சுட்டும் குறி அங்கே போடணும். மெடிகேர் சட்டம், ‘நியாயமானதும் அவசியமானதும்’ ஆன சிகிச்சைக்குத்தான் பணம் என்கிறது. நியாயம், அவசியம் எல்லாவற்றையும் கடைசியில் அந்தச் சின்னப் பெட்டிதான் சுமக்குது. மெடிகேர் நேரடியாக பில் பார்ப்பதில்லை. வட்டாரத்துக்கு ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம் பார்க்கும். அந்த நிறுவனம், இன்ன பரிசோதனைக்கு இன்னின்ன நோய் எண்கள் இருந்தால் பணம் உண்டு என்று பட்டியல் வெளியிடும். பட்டியல் ஒளிவுமறைவு இல்லாதது. பில் போடுகிறவர் மேசையிலும் அது இருக்கும்.

இங்கேதான் முடிச்சு. இதயத் துடிப்பைக் கண்காணிப்பதே என்ன நோய் என்று தெரியாததால்தான். தெரிந்தால் ஏன் மாட்டப் போகிறோம்? ஆனால் பில்லில் நோய் எண் வேண்டும். புறநோயாளிகளுக்கான கோடிங் விதி இதில் தெளிவாகவே இருக்கு. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘இல்லையென்று உறுதி செய்ய’ என்றெல்லாம் டாக்டர் எழுதியிருந்தால் அந்த நோயின் எண்ணைப் போடக் கூடாது. நிச்சயமாகத் தெரிந்தது எதுவோ அதைப் போடு. தெரிந்தது அறிகுறி மட்டும்தான் என்றால் அறிகுறியைப் போடு. ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு விதி நேர் எதிர், அங்கே சந்தேகத்தையே நோயாக எண்ணலாம். புறநோயாளி விதி நோயாளிக்கு நல்லது. சந்தேகத்துக்காக மாட்டிய கருவியால் ஒருவர் பேரில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று காலத்துக்கும் பதிவாகிவிடக் கூடாது இல்லையா. அதனால் பழைய பட்டியலின் ஒதுக்குப்புறம் இப்போ நடுக்கூடம் ஆனது. 785.1 படபடப்பு, 780.2 மயங்கி விழுதல். துடிப்புக் கண்காணிப்பின் பில்கள் இந்த மாதிரி எண்களின் மேல்தான் ஓடின.

இந்த ஏற்பாட்டுக்குள் 2002-ல் புதுக் கருவி ஒன்று அமெரிக்க அனுமதி பெற்று நுழைந்தது. கார்டியோநெட் என்ற கம்பெனி. நெஞ்சில் மின்முனைகள், கையடக்கமாக ஒரு பெட்டி. துடிப்பு தப்பினால் செல்ஃபோன் வலையமைப்பு வழியாகத் தானாகவே கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போகும். 30 நாள் வரை. நோயாளி பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, டேப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது வெத்து விளம்பரம் இல்லை. 2007-ல் வந்த ஒரு ஆய்வில் 266 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் இன்னொரு பாதிக்குப் பழைய மாதிரிக் கருவியையும் கொடுத்தார்கள். புதுசில் 88 சதவீதம் பேருக்கு ஒரு முடிவு கிடைத்தது, பழசில் 75. 2008-ல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. அங்கே அதன் குறியீடு ‘பீட்’. துடிப்பு!

2009 ஜனவரியில் இந்தச் சேவைக்குச் சொந்தமாக சிபிடி எண்கள் கிடைத்தன. டாக்டர் படிப்பதற்கு 93228, கண்காணிப்பு மையத்தின் வேலைக்கு 93229. எண் கிடைத்தது, ஆனால் நாடு முழுக்கச் செல்லும் விலை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட எண்ணுக்கு வட்டார ஒப்பந்த நிறுவனமே விலை வைக்கும். எந்த வட்டாரம்? நோயாளி இருக்கும் ஊர் இல்லை, கண்காணிப்பு மையம் இருக்கும் ஊர். கார்டியோநெட்டின் மையம் பென்சில்வேனியாவில். ஆக அலாஸ்காவில் ஒருவர் மாட்டினாலும் விலையைச் சொல்வது பென்சில்வேனியாவின் ஹைமார்க் மெடிகேர் சர்வீசஸ். அது ஆரம்பத்தில் வைத்த விலை 1,123 டாலர். 2009 செப்டம்பரிலிருந்து 754 டாலர் என்று ஒரே வெட்டில் குறைத்தது. கருவி அதே, துடிப்பு அதே, வேலை பார்ப்பவர்களும் அதே. மூன்றில் ஒரு பங்கு வருமானம் ஒரு அறிவிப்பில் போனது. 2011-ல் தான் நாடு முழுக்க ஒரே விலை வந்தது.

குறைத்த பிறகும்கூட 754 டாலர் என்பது ஹோல்டருக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதனால் மெடிகேர் ஒரு கோடு போட்டிருந்தது. லேசான அல்லது மிதமான படபடப்பு மட்டும் இருப்பவருக்கு இந்த விலை உயர்ந்த சேவைக்குப் பணம் கிடையாது. மலிவான கருவியே போதும்.

அந்தக் கோட்டை 785.1 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘லேசான’, ‘மிதமான’, ‘கடுமையான’ என்ற பேதமே அந்த எண்ணில் இல்லை. படபடப்பு என்றால் படபடப்பு, அவ்வளவுதான். விதி அளவைக் கேட்குது, எண்ணுக்கு அளவு சொல்லத் தெரியாது. பெர்டியோன் வழிவந்த பட்டியல் எத்தனை பேர் என்று எண்ணுவதற்காகச் செய்தது, எவ்வளவு கஷ்டம் என்று சொல்வதற்காக இல்லை. தப்பு செய்தவர்களுக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் தப்பு நுழையக்கூடிய ஓட்டை எங்கே இருந்தது என்று கேட்டால், என் கணக்கில் இங்கேதான்.

நுழைந்ததாக அமெரிக்க நீதித்துறை சொல்கிறது. 2012-ல் லைஃப்வாட்ச் என்ற கம்பெனி 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 2015-ல் கார்டியோநெட் 64 லட்சம் டாலர் கட்டியது. இரண்டு வழக்கிலும் குற்றச்சாட்டு ஒரே வகை. லேசான, மிதமான படபடப்புக்காரர்களுக்குப் பணம் வராது என்று தெரிந்தே, பணம் வரும்படியான, உண்மைக்கு ஒவ்வாத நோய் எண்ணைப் போட்டு கிளெய்ம் அனுப்பினார்கள் என்பது. இவை சமரசத் தீர்வுகள். கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெடிகேரை ஏமாற்றுவதைக் காட்டிக்கொடுக்கிறவருக்கு மீட்ட தொகையில் ஒரு பங்கு தரும் பழைய சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கு. லிங்கன் காலத்தில், உள்நாட்டுப் போரில் படைக்கு மட்டமான சரக்கு விற்றவர்களைப் பிடிக்கக் கொண்டுவந்தது. இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும்.

மூன்றாவது வழக்கு இன்னும் சுவாரஸ்யம். 2017-ல் முடிந்தது. போலந்துக் கம்பெனி ஒன்று செய்த கருவி, பெயர் பாக்கெட் இசிஜி. ஒரே பெட்டி மூன்று வேலையும் செய்யும். ஹோல்டர் மாதிரிப் பதியும், அறிகுறி வரும்போது மட்டும் பதியும், நேரலையாகவும் அனுப்பும். எது வேண்டும் என்பது டாக்டர் முடிவு. ஆனால் அதை அமெரிக்காவில் விற்றவர்களின் இணையப் பதிவுப் பக்கத்தில் டாக்டர் நோயாளியைச் சேர்க்கப் போனால், எதைக் கேட்க வந்தாலும் அதிகப் பணம் கிடைக்கும் சேவையில்தான் கொண்டுபோய் விடும்படி அமைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்து கட்டியது 1 கோடியே 34 லட்சம் டாலருக்கு மேல். யாரும் எண்ணைத் திருத்தி எழுதவே தேவையில்லை. படிவத்தை வடிவமைத்தால் போதும். லண்டன் கிழவிக்கு பீராவது வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் அரசுக்கும் கம்பெனிக்கும் உள்ள காசு விவகாரம், நோயாளிக்கு என்ன என்று தோணலாம். கிளெய்மில் போன எண் அங்கேயே நிற்பதில்லை. அது அவருடைய காப்பீட்டு வரலாறு ஆகிறது. ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கான கிளெய்ம்களை அலசி எத்தனை பேருக்கு எந்த நோய் என்று எழுதும்போது அந்த எண்ணும் ஒரு ஆள். கிராண்ட் பட்டியலில் மேகநோய் காணாமல்போன மாதிரி இங்கே இல்லாத நோய் முளைக்கும். அதோடு, இருந்த நோய் தவறிப்போகும் ஆபத்தும் உண்டு. துடிப்புக் கோளாறுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து வந்து போகும் வகை, அது பக்கவாதத்துக்கு வழி. அதைப் பிடிக்க நீண்ட நாள் கண்காணிப்பு உண்மையாகவே வேண்டியவர், பட்டியலில் இல்லாத அறிகுறியோடு வந்தால் கருவி மறுக்கப்படலாம். ஏமாற்றுகிறவரைத் தடுக்கும் அதே கதவுதான் இவரையும் தடுக்குது.

2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஒருவழியாக ஐசிடி பத்தாம் திருத்தத்துக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது 1990-ல். 25 வருஷத் தாமதம். 785.1 போய் ஆர் 00.2 வந்தது, 780.2 போய் ஆர் 55 வந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு முன்பு ஒரே எண், 427.31. இப்போ ஐ 48 என்ற குடும்பம். வந்து போவது, நீடிப்பது, நிரந்தரமானது என்று பிரிந்தது, 2019-ல் மறுபடியும் கிளை விட்டது. படபடப்பு மட்டும் இன்னும் அளவில்லாத படபடப்புதான்.

இடையில் கருவி மறுபடி சின்னதாகியிருந்தது. உதய் குமார் என்ற இதய மருத்துவர் 2006-ல் தொடங்கிய ஐரிதம் கம்பெனியின் ஸியோ, நெஞ்சில் ஒட்டும் ஒரு பிளாஸ்திரி. வயர் இல்லை, பெட்டி இல்லை, 14 நாள் ஒட்டிக்கொண்டு குளிக்கலாம். 2014-ல் 146 பேருக்கு ஹோல்டரையும் ஸியோவையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்த்தார்கள். 24 மணி நேர ஹோல்டர் 61 துடிப்புக் கோளாறுகளைப் பிடித்தது, ஸியோ மொத்த நாளிலும் 96. முதல் 24 மணி நேரத்தை மட்டும் எடுத்தால் ஹோல்டர்தான் முன்னால் என்பதையும் அதே ஆய்வு சொல்லுது. நாள் கூடுவதில்தான் பிளாஸ்திரியின் பலம்.

48 மணி நேரத்துக்கு மேல் பதியும் வேலைக்கு 2012-ல் தற்காலிக எண்கள்தான் கிடைத்தன. 2021 ஜனவரியில் நிரந்தர எண்கள், 93241 முதல் 93248 வரை. நிரந்தர எண் வந்தால் நல்ல காலம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் விலை வைக்க மெடிகேருக்குப் பிளாஸ்திரியின் விலை தெரிய வேண்டும், அதற்கு வழக்கமான கொள்முதல் ரசீது வேண்டும். கம்பெனி தானே செய்து தானே பயன்படுத்தும் பொருளுக்கு ரசீது ஏது? நாடு தழுவிய விலை வைக்காமல் மெடிகேர் ஒதுங்கிக்கொண்டது. மறுபடியும் வட்டார நிறுவனம். ஐரிதமின் மையங்களில் ஒன்று ஹூஸ்டனில், அந்த வட்டாரத்துக்கு நோவிடாஸ். முந்தைய எண்ணில் 300 டாலருக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்த வேலைக்கு, ஜனவரி கடைசியில் நோவிடாஸ் நூறு டாலருக்கும் கீழே விலை போட்டது. பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. இந்த நோவிடாஸ் யார் என்று தேடினால், 2009-ல் கார்டியோநெட்டுக்கு வெட்டிய அதே ஹைமார்க் மெடிகேர் சர்வீசஸ்தான், கை மாறிப் பெயர் மாறி வந்திருக்கு! 2023-ல் தான் மெடிகேர் நாடு முழுக்க ஒரு விலை வைத்தது.

அந்த விலைப் பேச்சு நடந்த அரசு ஆவணங்களில் பிளாஸ்திரியை என்ன பெயரில் குறிப்பிட்டிருந்தார்கள் தெரியுமா? ‘நீட்டித்த வெளிப்புற இசிஜி பிளாஸ்திரி, மருத்துவக் காந்த டேப் ரெக்கார்டர்’. டேப்பே இல்லாத பொருளுக்கு! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வகைப்பாட்டில் இந்த மாதிரிப் பதிவுக் கருவிகளுக்கு அதுதான் பெயர். ஹோல்டரின் டேப் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

கடைசியாக நம்ம பக்கம். 2022 டிசம்பரில் கார்டியோநெட்டும் அதன் தாய்க் கம்பெனி பயோடெலிமெட்ரியும் (அதற்குள் பிலிப்ஸ் இவற்றை வாங்கியிருந்தது) 4 கோடியே 48 லட்சம் டாலருக்கு மேல் கட்டி இன்னொரு வழக்கை முடித்தன. இந்த முறை நோய் எண் பிரச்சினை இல்லை. மெடிகேர் நோயாளிகளின் துடிப்புப் பதிவுகளை இந்தியாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் டெக்னீஷியன்கள் பார்த்தார்கள், அவர்களில் சிலருக்கு உரிய தகுதியும் இல்லை என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவுக்கு வெளியே செய்த சிகிச்சை வேலைக்கு மெடிகேர் பணம் தராது. 1965 சட்டத்திலிருந்தே இருக்கும் விதி அது.

ஆனால் அந்தப் பதிவுக்கு எண் போடும் வேலைக்கு அந்தத் தடை இல்லை. அது சிகிச்சை இல்லை, எழுத்து வேலை. சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் எத்தனையோ கட்டடங்களில் ராத்திரி ஷிஃப்டில் நடப்பது அந்த வேலைதான். முன்பின் பார்க்காத ஒருவரின் டாக்டர் குறிப்பைப் படித்து, படபடப்பா மயக்கமா என்று பார்த்து, ஆர் 00.2 அல்லது ஆர் 55 என்று தட்டுகிறார்கள். டாக்டர் குறிப்பில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் ஐ 48 போடக் கூடாது என்பது பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம்.